வீட்டுக்கு ஒரு ஓட்டு

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீடியோவை இன்னொரு தடவை போட வேண்டாம். அதில் வெள்ளைச் சட்டையில் மலங்க மலங்க விழித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் எங்கள் அப்பா.

ஐயோ, மன்னிப்பெல்லாம் எதற்கு? நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை. சொந்த பூத்தில் ஒரு ஓட்டுகூட வாங்காத வேட்பாளர் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்தான். பின்னணியில் கழுதை கத்துகிற சத்தத்தை வேறு சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் என் தம்பிதான் முதலில் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் முகத்தைக் கவனித்தான்.

ஆனால் நீங்கள் சிரிக்கும்போது, "இவன் பொண்டாட்டிகூடப் போடலையே" என்று சொன்னீர்கள் இல்லையா? எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். எப்படி அப்படி ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்தவள். நான் சொல்கிறேன், கேளுங்கள். பஸ் மலையடிவாரம் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது.

அப்பா பெயர் வைரக்கண்ணு. காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறார். நாங்கள் இருப்பது ஓடைமேடு. பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகிற ஓடை, அதன் கரையில் எங்கள் காலனி. எல்லாம் கட்டின வீடுதான் அக்கா. கரண்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை. தாலுகா ஆபீஸில் கேட்டால், எங்கள் இடம் "ஓடைப் புறம்போக்கு, காலி நிலம்" என்றுதான் இருக்கிறதாம். நான் பிறந்து வளர்ந்த இடம் காலி நிலம்.

அப்பா அதற்காக அலையாத அலைச்சல் இல்லை. மண்டிக்கு லீவு விடுகிற நாளெல்லாம் தாலுகா ஆபீஸ்தான். படிப்பு இல்லை, ஆனால் வாய் இருக்கிறது. மேஜையைத் தட்டிப் பேசுவார். "சார், காலி நிலத்துக்கு எதுக்கு சார் கரண்டு பில்லு அனுப்புறீங்க?" என்று கேட்டுவிட்டு வருவார். அவர் போனால் பின்னால் ஒரு கூட்டம் போகும். எங்கள் காலனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பொதுக் காரியம் எதுவானாலும் வீட்டுக்கு ஒருத்தர் வர வேண்டும். சாவுக்கு, சாக்கடை அள்ளுவதற்கு, மறியலுக்கு, எதற்கானாலும். வராத வீட்டுக்கு அடுத்த காரியத்தில் யாரும் போக மாட்டார்கள். அதனால் எல்லா வீட்டிலிருந்தும் வந்துவிடுவார்கள்.

இந்தத் தேர்தலில் அப்பா சுயேச்சையாக நின்றதும் பட்டாவுக்காகத்தான். ஜெயிக்கவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அந்த அளவுக்கு விவரம் இல்லாதவர் இல்லை அவர். "பாப்பா, நம்ம பூத்துல எனக்கு விழுற ஓட்டை அரசாங்கமே எண்ணி, அரசாங்கமே எழுதிக் கையெழுத்துப் போடும்ல? அதை எடுத்துட்டுப் போயி தாசில்தார் மேஜையில போடுவேன். காலி நிலத்துல இத்தனை பேரு எப்படி சார் முளைச்சாங்கன்னு கேப்பேன்" என்றார். அவருக்கு வேண்டியது ஒரு எண். அவ்வளவுதான்.

சின்னம் ஜன்னல் கிடைத்தது. டீக்கடை ரஹ்மத் பாய் சொன்னார், "நல்ல சின்னம்ணே. எவன் ஜெயிச்சாலும் நமக்குக் கதவு திறக்க மாட்டான், ஜன்னலாச்சும் இருக்கட்டும்." அப்பா அதையே பிரச்சாரமாக்கிக்கொண்டார்.

நான் பி.எஸ்ஸி. படித்திருக்கிறேன் அக்கா. புள்ளியியல். எங்கள் காலனியில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா மண்டியில் எல்லோரிடமும் சொல்வார், "என் பொண்ணு எண்ணைப் பாத்தே ஊரு நெலவரம் சொல்லிடும்." எனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு எதிலும் ஒரு பயம் உண்டு. கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிற ஆள் நான். ஆனால் கணக்கில் மட்டும் பயம் கிடையாது.

பிரச்சாரம் பாதி முடிந்திருந்தபோது எம்.எல்.ஏ. தர்மசீலன் ஒரு கூட்டத்தில் பேசினார். மறுபடி தான் வந்தால் ஓடையை அகலப்படுத்துவாராம். கரையில் இருக்கிற ஆக்கிரமிப்பு அத்தனையும் எடுப்பாராம். ஆக்கிரமிப்பு என்றால் நாங்கள். அதற்கு அடுத்த வாரம் எதிர்க்கட்சி வேட்பாளர் வெற்றிநாதன் எங்கள் தெருவுக்கே வந்தார். "என் உசுரு இருக்கிற வரைக்கும் ஒரு செங்கல்லைத் தொட விட மாட்டேன்" என்றார். செல்லத்தாயி அத்தை ஆரத்தி எடுத்தாள். அப்பா ஓரமாக நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே எல்லோரும் என்னிடம் வந்துவிட்டார்கள். அப்பாவிடம் இல்லை, என்னிடம். படித்த பெண் அல்லவா? "பாப்பா, கணக்குப் போட்டுச் சொல்லு. என்ன பண்ணலாம்?"

நான் உண்மையைத்தான் சொன்னேன் அக்கா. போன தேர்தலில் தர்மசீலன் ஐந்நூறு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தவர். எங்கள் காலனியில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு இருக்கிறது. அத்தனையும் ஜன்னலுக்குப் போனால் அப்பாவும் ஜெயிக்க மாட்டார், வெற்றிநாதனும் ஜெயிக்க மாட்டார். தர்மசீலன் வந்துவிடுவார். அவர் வந்தால் வீடு இருக்காது. வீடு போன பிறகு பட்டா யாருக்கு? இதில் எங்கே தப்பு இருக்கிறது, சொல்லுங்கள். இதை யார் போட்டாலும் இதே விடைதான் வரும்.

"அப்போ வைரக்கண்ணு அண்ணனுக்குப் போட வேணாங்கிறியா?" என்று டெய்லர் அந்தோணி நேராகவே கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லலை அண்ணா. யாருக்குப் போடணும், போடக் கூடாதுன்னு நான் சொல்லக் கூடாது. கணக்கைத்தான் சொல்றேன்" என்றேன்.

இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். அப்பாவுக்குப் போடாதீர்கள் என்று ஒருவரிடமும் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. வேண்டுமானால் ஓடைமேட்டுக்கு வந்து யாரையும் கேட்டுப்பாருங்கள்.

ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டோம். அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். கடைசியில் செல்லத்தாயி அத்தைதான் வழி சொன்னாள். "நமக்காக நிக்கிற மனுசனை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுப்பா. எல்லாத்துக்கும் வீட்டுக்கு ஒருத்தர்தானே நம்ம வழக்கம்? இதுக்கும் அப்படியே வச்சுக்கலாம். வீட்டுக்கு ஒரு ஓட்டு ஜன்னலுக்கு. மத்ததெல்லாம் வெற்றிநாதனுக்கு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கைகூடத் தட்டினார்கள். நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். காலனியில் இருநூறு வீடு பக்கம். அது போனாலும் மிச்ச ஓட்டு வெற்றிநாதனுக்குப் போதும். சரியாக வந்தது.

அப்பா விரல்விட்டு வீடுகளை எண்ணிப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "அதுவும் நல்லதுதான். எத்தனை பேருன்னு தெரியறதைவிட எத்தனை வீடுன்னு தெரிஞ்சா இன்னும் நல்லது. தாசில்தாரு வீட்டைத்தானே இல்லைங்கிறாரு? இந்தா சார், எண்ணிக்கோன்னு போடுறேன்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார் அக்கா. உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார்.

எழுந்து போகும்போது அந்தோணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா, வீட்டுல நாலு ஓட்டு இருந்தா ஜன்னலுக்கு யாரு போடுறது? பேரு சொல்லிடேன், குழப்பம் இருக்காது."

நான் மறுத்துவிட்டேன். "அது உங்க வீட்டுக்குள்ள நீங்க பேசிக்கறது அண்ணா. ஓட்டு ரகசியமா இருக்கணும். நான் அதுல தலையிட்டா தப்பு" என்றேன். காலேஜில் வாக்காளர் விழிப்புணர்வு முகாமில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை மீற எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்காகக்கூட மீறக் கூடாது, இல்லையா?

பிறகு வகுப்பு எடுத்தேன். ஆமாம், வகுப்புதான். பழைய டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஓட்டு மிஷின் மாதிரியே செய்தேன். எங்கள் ஆட்கள் அவசரத்தில் மாற்றி அழுத்திவிடுவார்கள், சீட்டில் முத்திரை மாற்றிக் குத்தி ஓட்டு செல்லாமல் போன காலமெல்லாம் பார்த்தவர்கள். யார் எந்த வரிசை, வெற்றிநாதன் எத்தனையாவது, ஜன்னல் எங்கே என்று ஒவ்வொரு வீட்டிலும் அட்டையை வைத்து அழுத்த வைத்தேன். சுயேச்சை என்பதால் அப்பா பெயர் கடைசியில் இருந்தது. அதற்குக் கீழே நோட்டா மட்டும்தான். வயதானவர்கள் விரல் நழுவி அங்கே போய்விடக் கூடாது என்று அதற்குத் தனியாகப் பழக்கினேன். எங்கள் பூத்தில் கை தவறி ஒரு ஓட்டுகூட விழவில்லை அக்கா. அவ்வளவு கவனமாகச் செய்தேன்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. பேப்பரில் எங்கள் தொகுதி "இழுபறி" என்று போட்டிருந்தார்கள். ஒன்றிரண்டு ஓட்டில்கூட மாறலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்த விவரத்தை மறைப்பதும் பொய்தானே? மறுபடி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "ரொம்ப நெருக்கமா இருக்காம். ஒரு ஓட்டுகூட முக்கியம். யோசிச்சுப் போடுங்க." அவ்வளவுதான் சொன்னேன். செல்லத்தாயி அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ, என் ஒரு ஓட்டுல வீடு போயிடுமா பாப்பா?" என்றாள். "போகவும் வாய்ப்பிருக்கு அத்தை" என்றேன். வாய்ப்பு இருந்தது. இல்லையென்று எப்படிச் சொல்வது?

ஓட்டுப் போடுகிற நாள் காலையில் அப்பா இந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். வேட்பாளர் என்பதால் போலீஸ்காரர் எழுந்து வணக்கம் வைத்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதிலுக்கு இரண்டு கையாலும் கும்பிட்டார். ஆண்கள் வரிசையில் அவர், பெண்கள் வரிசையில் நான். பக்கத்துப் பக்கத்தில் வந்தபோது என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"பாப்பா, எனக்கு நானே போட்டுக்கலாமா?"

"ஏம்பா? தாராளமாப் போடலாம்."

"இல்ல, ஒரு மாதிரியா இருக்கு. பந்தியில உக்காந்துக்கிட்டு நமக்கு நாமளே பரிமாறிக்கற மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க இஷ்டம்பா. நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றேன்.

"கணக்குப்படி என்ன?"

"கணக்குப்படி வீட்டுக்கு ஒன்னு. நம்ம வீட்ல நாலு பேரு இருக்கோம். யாராவது ஒருத்தர் போட்டாப் போதும். மிச்சம் மூணும் வெற்றிநாதனுக்குப் போனா அவ்வளவுக்கு நல்லது."

அவர் வரிசை நகர்ந்துவிட்டது. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, சரி என்பது போலத் தலையாட்டினார். வெளியே வந்து மை வைத்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார், காயம் பட்ட மாதிரி.

கேட்டது அவர், சொன்னது நான். கேட்டதற்குப் பதில்தான் சொன்னேன்.

எண்ணிக்கை அன்று அப்பாவை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நான் ஓட்டு எண்ணுகிற கல்லூரியின் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே நடந்ததை எதிர்க்கட்சி ஏஜென்ட் ஒருவர் பிறகு சொன்னார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பூத்து மிஷின் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாராம். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்து, கடைசியில், "வைரக்கண்ணு, பூஜ்யம்."

"சார், இன்னொரு தடவை பாருங்க" என்றாராம்.

அந்த அதிகாரி நல்லவர் போல. மறுபடி பொத்தானை அழுத்தி, மிஷினைத் திருப்பிக் காட்டினாராம். அப்பாவுக்கு எழுத்துதான் வராது, எண் தெரியும்.

பக்கத்தில் இருந்த எவனோ ஒருவன், "என்ன தலைவரே, நீங்களாவது உங்களுக்குப் போட்டிருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறான். வலைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவர் வெளியே வரும்போது வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் எடுத்ததுதான் உங்களிடம் இருக்கிற வீடியோ.

வெற்றிநாதன் ஜெயித்துவிட்டார். பதினெட்டாயிரம் ஓட்டு வித்தியாசம். பேப்பரில் இழுபறி என்று போட்டார்களே, இழுபறியே இல்லை. எங்கள் காலனி மொத்தமும் ஜன்னலுக்குப் போட்டிருந்தாலும் அவர் ஜெயித்திருப்பார். எங்கள் ஓட்டு அவருக்குத் தேவையே இல்லை. ஆனால் அக்கா, இது பிறகு தெரிந்த விவரம். அப்போது கையில் இருந்த விவரத்துக்கு என் கணக்கு சரிதான். எங்கள் பேராசிரியரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். அவள் பெயர் பவுனம்மா. பெரிதாகப் பேசுகிறவள் இல்லை. "எந்த மனுசனும் தனக்குத் தான் போட்டுக்குவான்னு நெனச்சேன். நீங்க போடுவீங்கல்ல, வீட்டுக்கு ஒன்னுதானேன்னு நான் அந்தாளுக்குப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி, "நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றான்.

அப்பா இரண்டு பேரையும் பார்த்து, "நீங்க மூணு பேரு இருக்கீங்களேன்னுதான் நான் போடலை" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

எதுவும் கேட்கவில்லை அக்கா. கேட்கவே இல்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் கேட்கிறீர்களா, நான் யாருக்குப் போட்டேன் என்று? அது ரகசியம் அக்கா. சொல்லக் கூடாது. நான் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தெருவே எங்கள் வீட்டுக்கு வந்தது, துக்கம் கேட்க வருகிற மாதிரி. ஒவ்வொருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "என் வீட்டுக்காரரு போடுவாருன்னு நெனச்சேன்." "மருமவ போட்டிருப்பான்னு நெனச்சேன்." "எங்க வீட்ல ஒன்னு கொறைஞ்சா என்ன, மத்த வீட்டுல விழுமேன்னு இருந்துட்டேன்ணே." செல்லத்தாயி அத்தை தனியாக இருப்பவள். அவள் வீட்டில் ஒரே ஓட்டுதான், வேறு யாரையும் சொல்ல வழியில்லை. அவள் வாசல்படி ஏறவே இல்லை. தெருவில் நின்று, "என் ஓட்டுல வீடு போயிடும்னு பாப்பா சொல்லுச்சு, பயத்துல அந்தாளுக்கே அழுத்திட்டேம்பா" என்று அழுதாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. வாய்ப்பிருக்கிறது என்றுதானே சொன்னேன்? போயே விடும் என்றா சொன்னேன்?

எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் ஆறவில்லை அக்கா. அப்பா யாருக்காக நின்றார்? ஒரு மூட்டைக்கு நாலு பேர் கூடுகிற ஊரில், ஒரு விரல் கிடைக்கவில்லை அவருக்கு. சாக்கடை அள்ள வராதவர்களைத் தெருவே பார்க்கும். மிஷினுக்கு முன்னால் நிற்பவரை யார் பார்க்கிறார்கள்? அந்த அட்டை மறைப்புக்குள் போனதும் எல்லோருக்கும் அவரவர் வீடுதான் பெரிதாகிவிட்டது.

அதற்கப்புறமும் அப்பா ஒரு தடவை தாலுகா ஆபீஸ் போனார். நானும் கூடப் போனேன். வழக்கமாக வருகிற கூட்டம் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு வெட்கம். உள்ளே இருந்த ஒரு கிளார்க், அப்பாவை ரொம்ப நாளாகத் தெரிந்தவர்தான், பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். "என்ன வைரக்கண்ணு, நாங்கதான் காலி நிலம்னு சொன்னோம்னு கோவிச்சுக்கிட்டே. இப்ப மிஷினும் அதையே சொல்லுதே?"

முன்பு என்றால் மேஜை அதிர்ந்திருக்கும். அப்பா என் பக்கம் திரும்பி, "கணக்குப்படி நாம இப்ப என்ன பண்ணணும் பாப்பா? கிளம்பிடலாமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை அக்கா. உண்மையாகவே கேட்டார். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அப்படித்தான். டீ குடிக்கலாமா என்றுகூட என்னைக் கேட்கிறார்.

இப்போது எங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. வெற்றிநாதன்தான் எம்.எல்.ஏ. ஓடையை அகலப்படுத்துகிற வேலை நிற்கவில்லை. செங்கல்லைத் தொட விடமாட்டேன் என்றவருடைய ஆபீஸுக்குப் போனால், அவருடைய ஆள், "அண்ணன் பாத்துக்குவாரு, விசாரணைக்குப் போயிட்டு வாங்க" என்கிறான். நாளைக்கு விசாரணை. நோட்டீஸில் "திரு. வைரக்கண்ணு மற்றும் பலர்" என்று போட்டிருக்கிறார்கள். தெரு முழுக்க வாசலில் வந்து நின்று, "அண்ணே, நீங்க வந்து பேசுனாத்தான் ஆகும், நாங்க வீட்டுக்கு ஒருத்தர் வர்றோம்" என்றார்கள்.

அப்பா நோட்டீஸை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதான் மற்றும் பலர்னு போட்டிருக்குல்ல? அவங்க போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இன்றைக்குக் காலையில் ஆளைக் காணோம். எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த பஸ்ஸில் ஏறினேன்.

முடிவு வந்த பிறகு பூத் வாரியாக யார் யாருக்கு எவ்வளவு என்று வெளியிடுவார்கள் அக்கா. நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மற்ற பூத்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருந்தது. ஒரே ஒரு ஊரில் மட்டும் பத்தொன்பது. மலையடிவாரத்தில், தொகுதியின் கடைசி ஊர். அப்பா பிரச்சாரத்துக்குக்கூடப் போகாத ஊர். "பத்தொன்பது பேரா?" என்று கேட்டார். "யாரு அவங்க? என்னை எப்படித் தெரியும்?" அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

நான் விளக்கினேன். அந்த ஊரில் ரோடு இல்லையென்று நிறையப் பேர் நோட்டாவுக்குப் போட்டிருக்கிறார்கள். நோட்டாவுக்கு மேலேயே ஜன்னல் இருக்கிறது. கை தவறி மேல் பொத்தானை அழுத்தினவர்களாக இருக்கும் என்றேன். அதுதான் உண்மை அக்கா. நோட்டா அதிகமாக விழுந்த இடங்களில்தான் அவருக்கும் விழுந்திருக்கிறது. பார்த்தாலே தெரிகிறது.

அப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் மண்டிக்கு லீவு விட்டால் அந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார். தாலுகா ஆபீஸ் போய்க்கொண்டிருந்த நாளெல்லாம் இப்போது அங்கேதான். பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பாராம். யாரிடமும் எதுவும் கேட்பதில்லையாம். போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வணக்கம் சொல்லிக்கொண்டு இருப்பாராம். அம்மா ஒரு தடவை கூட்டிவரப் போனபோது சொன்னாராம், "இவங்கள்ல பத்தொன்பது பேரு பவுனு. யாருன்னுதான் தெரியலை."

நீங்கள் கண்டக்டரிடம் அந்த ஊருக்குத்தான் டிக்கெட் கேட்டீர்கள், எனக்குக் காதில் விழுந்தது. நீங்கள் அங்கேதானே ஓட்டுப் போட்டிருப்பீர்கள்?

இல்லை இல்லை, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது தப்பு. நீங்கள் சொல்லவும் வேண்டாம். எனக்கு வேறு ஒன்று வேண்டும்.

இறங்கினதும் டீக்கடையில் அவர் இருப்பார். நீங்கள் முன்னால் போங்கள், நான் கொஞ்சம் பின்னால் வருகிறேன். அவர் உங்களுக்கு வணக்கம் சொல்வார். அப்போது நீங்கள் அவரிடம், "ஐயா, நான் ஜன்னலுக்குத்தான் போட்டேன்" என்று சொல்ல முடியுமா? தெரிந்துதான் போட்டேன், கை தவறி இல்லை என்றும் சொல்ல வேண்டும். அதை மறந்துவிடாதீர்கள்.

பொய்தான் அக்கா. எனக்குத் தெரியும். நான் யாரையும் பொய் சொல்லச் சொன்னதே இல்லை.

உங்களுக்குத்தான் போட்டேன் என்று நானே அவரிடம் சொல்லலாம்தான். சொல்லியும் இருப்பேன். ஆனால் நான் சொன்னால் நம்ப முடியாதே. எங்கள் பூத்தில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்களே.